பூசைக்கு வராதவள்

"சாமி, ரோஜாவோட பொண்ணு பேரை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடலாம்."

பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித்தரும் உபதேசியார் சவுரிராயன் இதைச் சொன்னபோது ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிடம் இருந்தது. கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர்க் கோயில். அடுத்த மாதம் அங்கே புதுநன்மை. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ரோஜாவின் மகளுக்கு வெள்ளை கவுன்கூடத் தைத்தாகிவிட்டது.

"ஏன், அந்தக் குழந்தை செபமெல்லாம் நல்லா ஒப்பிக்குதே?" என்றார் பங்குச் சாமியார்.

"பொண்ணு ஒப்பிக்குது. ஆத்தாக்காரி ஆறு வாரமா பூசைக்கே வரலியே!"

"திண்டிவனத்துல நர்ஸ் வேலை. டூட்டியா இருக்கும்."

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவுங்க. விசாரிச்சிட்டேன். கரெக்டா பூசை நேரத்துக்குப் பையை மாட்டிக்கினு கிளம்பிடறா. எங்கியோ தனியா வைத்தியம் பாக்குறாளாம். ஓய்வுநாளுன்னு ஒரு பயம் வேணாமா?"

"ஓய்வுநாள்லதான் கை சூம்பினவனை இயேசு குணமாக்கினாரு."

"அவரு ஆண்டவரு, பண்ணலாம். ரோஜா யாரு?"

சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டார். "வீட்டம்மாவுக்குக் கால் புண் எப்படி இருக்கு?"

சவுரிராயனுக்கு முகமெல்லாம் பல்.

"சக்கரைப் புண்ணு, விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மருந்தே வேணாம்னுட்டேன் சாமி. மாதாவுக்கு நேர்ந்துக்கினு வெறும் மந்திரிச்ச எண்ணெய்தான். நான் செபம் சொல்லிக் குடுப்பேன், அவளே தடவிக்குவா. இப்ப முக்காவாசி ஆறிடுச்சு!"

"ஆண்டவருக்கு நன்றி" என்றார் சாமியார்.

பூசை தொடங்கியது. பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தார் சவுரிராயன். ரோஜா இல்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று முடிவு கட்டினார். பிரசங்கம் ஆரம்பித்ததும் பக்கத்து வாசல் வழியாக நழுவினார்.

ரோஜாவின் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பாஞ்சாலி தெருவில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ரோஜா எங்கம்மா?"

"இப்பதான் உங்க தெருப் பக்கமா போச்சுங்க."

தன் தெருவிலேயே, அதுவும் பூசை நேரத்திலா! சவுரிராயனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ரோஜாவின் செருப்பு அவர் வீட்டு வாசலில்தான் கிடந்தது.

உள்ளே, அவர் மனைவி சவுரியம்மாளின் பாதத்தை மடியில் வைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள் ரோஜா. பக்கத்தில் பஞ்சு, களிம்பு, ஒரு வாரத்துக்கான மாத்திரைகள். மந்திரித்த எண்ணெய் மாதா படத்துக்கு முன்னால் விளக்கில் எரிந்துகொண்டிருந்தது.

சவுரியம்மாள் பதறிக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"அவளைத் திட்டாதீங்க. நான்தான் பங்குச் சாமிகிட்ட சொல்லி அழுதேன். அவருதான் இவளை அனுப்பி வைக்கிறாரு. நீங்க ஊட்ல இல்லாத நேரம் இது ஒண்ணுதானே?"

சவுரிராயன் குனிந்தார். மனைவியின் கால் விரல்களை எண்ணிப் பார்த்தார். ஐந்தும் இருந்தன.

ரோஜா தலை நிமிரவில்லை. கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க உபதேசியாரே, இன்னிக்குப் பூசைக்குப் போகலியா?"