ஹே பாயிண்ட்

"இங்க நின்னு, ரெண்டு கையயும் தூக்கி, ‘ஹே’ன்னு கத்தோணுங்க அம்மிணி. அப்பத்தான் போட்டோ நல்லா வருமுங்க" என்றார் வேடியப்பன்.

திவ்யா கேமராவை இறக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

பெங்களூரிலிருந்து வந்தவள். அவள் தும்மினால்கூட இரண்டு லட்சம் பேர் லைக் போடுவார்களாம். அதனால் மானேஜர் சிவக்குமார் காலையிலிருந்து குடையும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தார். மழை இன்னும் வரவில்லை.

ரிசார்ட் வாட்ச்மேன் வேடியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஏற்காடு தெரியும். இங்கே ஒரு பாறை கொஞ்சம் மூக்கை நீட்டினால் போதும், அதற்கு ஏதாவது ஒரு பாயிண்ட் என்று பெயர் வைத்துவிடுவார்கள். டவுன்காரர்கள் அதன் மேல் ஏறி நின்று பள்ளத்தைப் பார்த்துக் கத்துவார்கள்.

ஆகவே, புல்தரையில் வைக்கோல் உருளைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, பக்கத்தில் ‘ஹே பாயிண்ட்’ என்று போர்டு நட்டபோது, அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மூன்று மாதமாக வருகிறவர்களையெல்லாம் கத்த வைக்கிறார். டாக்டர்கள் கத்தியிருக்கிறார்கள். ஒரு கல்லூரி முதல்வர் குடும்பத்தோடு கத்தியிருக்கிறார். ‘ஹே’ என்றால் இங்கிலீஷில் வைக்கோல் என்று ஒருவராவது சொல்ல வேண்டுமே!

அந்த வைக்கோல் அடிவாரத்திலிருந்து டெம்போவில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி வந்தது. படம் எடுப்பதற்காக மட்டும்.

வேடியப்பனின் மாடு கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அது மேய்ந்துகொண்டிருந்த சரிவில்தான் இப்போது நீச்சல் குளம் இருக்கிறது. கன்று போட்ட வாரம் அது விலா எலும்பு தெரிய, கன்றுக்கே பால் பற்றாமல் நின்றது. இரண்டே இரண்டு உருளை கொடுங்கள் என்று அவர் கேட்டதற்கு, சிவக்குமார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யோவ், இது டெகரேஷன்யா. இதப் போய் மாட்டுக்குப் போடுவாங்களா?"

மாட்டுக்கு டெகரேஷன் என்ன தெரியும்?

"எல்லாரும் முன்னாலிருந்துதாண்ணா எடுக்கறாங்க" என்றாள் திவ்யா. வானத்தை அண்ணாந்து பார்த்தாள். காலையிலிருந்து வெயில் தலைகாட்டவில்லை. சேர்வராயன் மலையே மேகத்துக்குள் போயிருந்தது. "வாவ், எவ்வளவு சோகமான மேகம்! பின்னால போனா வானம் முழுசா கெடைக்கும்."

வேடியப்பன் குறுக்கே வந்து நின்றார். இத்தனை நாளில் ஒருவரையும் அவர் பின்பக்கம் விட்டதில்லை.

"பின்னால நொம்ப அட்டைங்க அம்மிணி. கால்ல ஏறுச்சுன்னா எறங்காதுங்க."

அவள் முழங்கால் வரைக்கும் போட்டிருந்த பூட்ஸைக் காட்டினாள்.

"பாம்பு வேற கெடக்குதுங்க."

"நெஜமாவா? சூப்பர்!" என்று ஓடியே போய்விட்டாள். குடையைப் பிடித்துக்கொண்டு சிவக்குமாரும் ஓடினார்.

வேடியப்பன் மட்டும் போர்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். வேலை போயிற்று. பெண்டாட்டி தங்கம்மாவிடம்கூட எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். வேலையும் இல்லாமல், தீவனமும் இல்லாமல் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். கன்றுக்குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை.



பின்பக்கத்தில் பெரிதாக வைக்கோலே இல்லை. முன்வரிசை மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. அதற்குப் பின்னால் ஓர் ஆள் தாராளமாக உட்காரும் அளவுக்குப் பொந்து. இரண்டு மாதமாக, சாயங்காலம் டூட்டி முடிந்து போகும்போதெல்லாம், மழைக்குத் தலையில் போடும் கோணிச்சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போனதில் விழுந்த பொந்து அது. மேல் வரிசை சரியாமலிருக்க இரண்டு சில்வர் ஓக் கம்புகள் முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. யார் கொடுத்தது என்று துப்புத் துலக்க வேண்டியதில்லை. ஒரு கம்பில் வேடியப்பனின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஓ மை காட்!" என்று அலறினாள் திவ்யா.

கேமராவைச் சிவக்குமார் கையில் திணித்தாள். பொந்துக்குள் புகுந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, மேகத்தைப் பார்த்து, முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

"குகை! வைக்கோல் குகை! யாரோட ஐடியா சார் இது?"

சிவக்குமார் பொந்தைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். துண்டையும் பார்த்தார்.

"என்னோடதுதான் மேடம்" என்றார்.

அரை மணி நேரம் கழித்து, முதல் தூறல் விழும்போது, துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேடியப்பனிடம் வந்தார். முகத்தை உர்ரென்று வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம பத்துப் பேரு வர்றாங்களாம். எல்லாருக்கும் குகை வேணுமாம். இன்னும் நாலு எடத்துல இதே மாதிரி கொடஞ்சு வையி."

"கொடஞ்சரலாமுங்க சார்" என்றார் வேடியப்பன். துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "உருவுற வக்கப்புல்ல என்னங்க பண்றது?"

"அந்தக் குப்பய ஏன்யா என்னக் கேக்கற? எங்கியாச்சும் கொண்டுபோய்த் தொல."

வேடியப்பன் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். பெரிய பாரத்தைத் தலையில் கட்டிவிட்டார்களே என்பது போல முகம் வாடியிருந்தது.

"தூரமா கொண்டுபோயித்தான் தொலைக்கோணுமுங்க" என்றார். "நம்ம ஜீப்ப ஒரு நாலு நட குடுத்தீங்கன்னா நொம்ப சௌகரியமா இருக்குமுங்க சார்."