மேஸ்திரி என்று ஒரு குஞ்சு

காகத்தின் கூடு ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பக்கம் சரியும். அதனால் முட்டையிலிருந்து முதல் பையன் வந்ததும், "மேஸ்திரின்னு பேரு வைப்போம். கூப்பிடக் கூப்பிட வேலை தானா வந்துடும்" என்றது அப்பா காகம்.

தினமும் பையன் முன்னால் ஒரு சுள்ளியைப் போட்டது. மேஸ்திரி அதன்மேல் உட்கார்ந்துகொண்டு அடுத்த புழுவுக்கு வாயைத் திறந்தது.

"சுள்ளியைத் தொடவே மாட்டேங்கிறானே" என்றது அம்மா காகம்.

"மேஸ்திரி எங்கயாச்சும் செங்கல் தூக்குவாரா?"

இறக்கை முளைத்த அன்று பெருங்காற்றில் கூட்டின் பாதி கீழே விழுந்தது.

"மேஸ்திரி, கொஞ்சம் என்னன்னு பாருப்பா."

மேஸ்திரி பார்த்தது. பக்கத்துக் கிளைக்குத் தாவி உட்கார்ந்து, "குக்கூ" என்றது.

அம்மா காகம் திரும்பிப் பார்த்தது.

"சித்தாளைக் கூப்பிடறான்" என்றது அப்பா காகம்.