அக்கரையிலிருந்து பதில்

கொடைக்கானலில் அந்த ஒத்திகைக் கூடத்து அலமாரிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியும். இல்லாவிட்டால் பனிமூட்டத்தின் ஈரத்தில் வாத்தியங்களின் மரம் உப்பிப்போகும். ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் சுரேந்திரனின் மனைவி இந்து வாசித்த ஓபோ என்ற குழலும், அதை ஊத வாயில் வைக்கும் நாணல் சீவாளிகள் இருந்த டப்பாவும் அவள் இறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்தன.

அவள் எழுதிய ஒரு கவிதையைத்தான் சுரேந்திரன் ஆர்க்கெஸ்ட்ராவுக்குச் சின்ன இசையாக அமைத்திருந்தார். ஏரிக்கு அக்கரையில் இருப்பவளை ஒருவன் கூப்பிடுகிறான், பதில் வரவில்லை. ஓபோ கூப்பிட்டு ஓய்ந்ததும் எல்லோரும் சற்று மௌனமாக இருக்க வேண்டும். பிறகு அவர் கை காட்ட, வயலின்கள் தொடங்கும்.

இந்துவின் இடத்தில் அட்டுவம்பட்டி சௌம்யா தன் சொந்தக் குழலில் வாசித்தாள். மௌனம் வந்தது. போனது. இசை முடிந்தது.

"என் சீவாளி விறைப்பா இருக்கு சார். மேடத்தோடது ஒண்ணு எடுத்துக்கிடவா?"

"எடுத்துக்கம்மா. காஞ்சு கெடக்கும், தண்ணியில ஊறப்போடு."

அவள் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்தாள்.

"சார், இது ஈரமா இருக்குங்க. இப்பத்தான் வாயிலேர்ந்து எடுத்த மாதிரி."

சுரேந்திரன் வாங்கிப் பார்த்தார். அலமாரிக்குள் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சீவாளியைத் துடைக்காமல் டப்பாவில் வைத்து, திரும்ப உள்ளே வைத்தார்.

"உன்னோடதுலயே வாசிம்மா. எல்லாரும் மறுபடி முதல்லேர்ந்து."

கையை உயர்த்தியவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"போன தடவ அந்த மௌனத்துல வயலினுக்கு வெரசா கை காட்டிட்டேன். அக்கரையில அவ வாசிச்சு முடிச்சிருக்க மாட்டா."