பிலிமில் ஏழு குஞ்சுகள்

மக்களே, எல்லைப் போராட்டத்தால் பாறசாலைக்குப் பஸ் வராத நாள் அது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் நோயாளிகள் இல்லை. ஒன்பது வருடமாக எக்ஸ்ரே எடுக்கும் ராஜதாஸ், மெஷின் பக்கத்திலிருந்த கண்ணாடித் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பரல்மீனின் முட்டைகள் இந்தத் தடவையும் பொரியாமல் வெளுத்துக் கிடந்தன.

“ஆண்மீன் நல்லாத்தான் நீந்தும்,” என்றார் உள்ளே வந்த டாக்டர். “எக்ஸ்ரே பட்டுப்பட்டு அதுக்க விந்தணு கெட்டுப்போச்சு.”

ராஜதாஸுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். பிள்ளையில்லை. ஊர் குறை சொன்னதெல்லாம் அவர் மனைவி ராஜபாயைத்தான்.

டாக்டர் போனதும் ராஜதாஸ் தொட்டியை ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தார். கழுவிய பிலிமில் ஏழு குஞ்சுகள் இருந்தன, நூல் போன்ற முள்ளோடு. தண்ணீரில் ஒன்றுமில்லை.

பிலிமோடு வீட்டுக்குப் போனவர், டாக்டர் சொன்னதையும் சொன்னார்.

“குறை எனக்காக்கும், ராஜபாய்.”

அவள் பிலிமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, “நான் ஆருக்கிட்டயும் சொல்லமாட்டேன்,” என்றாள்.

பிலிமை ஜன்னலில் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் கூப்பிட்டாள். “பாத்தியளா, வளந்திருக்கு.”

ராஜதாஸ் ஸ்கேல் வைத்து அளந்தார். வளர்ந்துதான் இருந்தன.

பஸ்கள் ஓடத் தொடங்கின. அவரும் தினமும் வேலைக்குப் போனார். ஒருநாள் சோற்றுப்பொதியைக் கையில் கொடுத்துவிட்டு ராஜபாய் மெதுவாகக் கேட்டாள்.

“இதுகளுக்கு எடம் போதல்ல. ஆஸ்பத்திரியில இதவிடப் பெரிய பிலிம் உண்டுமா?”