கல்யாணச் சில்வண்டு

"ஐயா, மறைக்காம சொல்லுங்க. இது செத்தவங்க வாயில வைக்கிற சாமானா?"

ஃபாங் அம்மாள் சிவப்புப் பட்டுத்துணியைப் பிரித்தாள். உள்ளே இறகு மடக்கிய ஒரு சில்வண்டு. கட்டைவிரல் அளவு, வெண்ணெய் நிற ஜேட் கல். சம்பந்தி வீட்டார் பெண்ணுக்கு அனுப்பிய சீர். நாளை மறுநாள் கல்யாணம்.

சீனாவின் சூசோ நகரத்து ஜேட் கடைத் தெருவில் பொய் சொல்லாத வியாபாரி கெங் ஒருவர்தான் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். அவரோ கல்லைக் கையில் எடுத்ததிலிருந்து அதன் முதுகையே தடவிக்கொண்டிருந்தார்.

"என் நாத்தனாதான் கூச்சல் போட்டா. 'பொணத்தோட நாக்குல இருந்ததைப் பொண்ணு கழுத்துல போடுவீங்களா'ன்னு. எம்பொண்ணு பச்சைத் தண்ணி குடிக்கலங்க."

"சில்வண்டு நல்லதும்மா." கெங் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வருஷக்கணக்கா மண்ணுக்குள்ள கெடந்துட்டு, எந்திரிச்சுப் பறக்குது பாருங்க. மறுபிறப்புக்கு அடையாளம். போறவங்களுக்கும் வைப்பாங்க, இருக்கறவங்களும் போட்டுக்குவாங்க."

"அப்ப எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"போட்டுக்கிறதுல கயிறு கோக்க ஓட்டை இருக்கும். வாயில வைக்கிறதுல இருக்காது."

அவள் பாய்ந்து குனிந்து பார்த்தாள். தலைப்பக்கம் சின்னதாய் ஒரு துளை. போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! இருக்கே! குடுங்கய்யா, நான் கெளம்பறேன்."

கெங் கொடுக்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுல என்னம்மா தொழில்?"

"பழம்பொருள் வாங்கி விக்கறாங்க. ஏன் கேக்கறீங்க?"

"கல்லு பழசு. ஓட்டை புதுசு. தடவிப் பாருங்க, ஓரம் இன்னும் சொரசொரங்குது."

அவள் துளையின் ஓரத்தைத் தடவினாள். கல்லறையில் தோண்டி எடுத்ததா? பத்திரிகை வைத்தாயிற்று. இனி நிறுத்தினால் பெண்ணை யார் கட்டுவார்கள்? குரலைத் தாழ்த்தினாள்.

"ஐயா, அது எந்தக் காலத்துக் கல்லறையோ! கேக்கறதுக்கு ஆளா இருக்கப் போகுது? நீங்க மட்டும் வெளிய சொல்லாம இருந்தீங்கன்னா..."

கெங் கல்லை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். கண்கள் நிரம்பிவிட்டன.

"போன குளிர்காலத்துல, எங்கப்பா நாக்கு மேல இதை நான்தாம்மா வெச்சேன்."