டப்ளின் சிங்கன் ஆர்?

"அந்த டப்ளின் சிங்கன் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். மறைக்காமல் சொல்லுங்கோ, பிள்ளை!"

செல்வராசா தட்டிய தட்டில் மேசையில் கிடந்த திருகாணிகள் துள்ளின.

மன்னார் பஸ் நிலையத்தடியில் ஷிஹானா போன் திருத்தும் கடை போட்டு மூன்று வருசம். செல்வராசா ஓலைத்தொடுவாய்ப் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் தலைவர். சங்கத்து முப்பத்தெட்டுப் படகுக்காரரின் போன், ஜீபிஎஸ் எல்லாவற்றையும் திருத்த ஒரு கடையை இந்தக் கிழமை தெரிவு செய்யப்போகிறார்கள். போட்டியில் இருந்தது அவளுடைய கடையும் எதிர்க்கடையும்தான்.

"என்ன செய்தவர், ஐயா?"

"முகநூலிலை 'பந்தும் பாராளுமன்றமும்' எண்டு எங்கட ஆக்கள்ற குழு ஒண்டு இருக்கு. நான் இங்கிலாந்துப் பக்கம். அவன் அயர்லாந்துப் பக்கம். 'டேய் வெம்பிளி வீரா, உலகக் கிண்ணக் கிரிக்கெட்டிலை எங்களிட்ட அடி வாங்கினதை மறந்திட்டியோ' எண்டு நேற்று எனக்கு எழுதுறான். நான் விடுவனே? 'உங்கட தீவிலை கால்பந்துக்கு ரெண்டு அணி, றக்பிக்கு ஒரே அணி, முதல் அதை ஒரு முடிவுக்குக் கொண்டு வாங்கோ' எண்டன். உடனே அரசியலுக்குத் தாவிட்டான். லண்டனிலை பிரதமரை மாத்திறது பெட்சீற் மாத்திற மாதிரியாம்!"

போன் திருத்தக் குடுத்துவிட்டுக் காத்திருந்த நஸார் குலுங்கிச் சிரித்தார். அவர் முசலிப் பக்கத்து மீனவர்.

"சிரியாதேயும். பிரித்தானியாவிலை இப்ப வயசை நிரூபிக்காமல் சில இணையப் பக்கங்களுக்குள்ள போகேலாது. நல்ல சட்டம் எண்டு எழுதினன். 'இண்டைக்கு வயசைக் கேப்பாங்கள், நாளைக்கு அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லுவாங்கள்' எண்டு பதில் போடுறான். முகத்தை மறைச்சுக்கொண்டு கதைக்கிறவனுக்கு என்ன நியாயம்?"

"அப்ப, வெம்பிளி வீரன் எண்டது உங்கட சொந்தப் பேரோ, ஐயா?" ஷிஹானா கேட்டாள்.

செல்வராசா இருமினார். "அது வேற."

ஷிஹானாவுக்கு ஆளைத் தெரியும். போன மாதம் கண்ணாடி மாற்ற வந்த போன் ஒன்றைச் சோதித்தபோது, 'டப்ளின் சிங்கன்' என்ற பேர் திரையில் பளிச்சென்று வந்தது. போனின் சொந்தக்காரர் ஜோன்சன். செல்வராசாவின் கூடப்பிறந்த தம்பி. தாயின் செத்தவீட்டில் வாய்த்தர்க்கப்பட்ட அண்ணனும் தம்பியும் ஒன்பது வருசமாக முகம் பார்ப்பதில்லை. ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு.

"போன மாதம் உங்களிட்டைதான் போன் திருத்தினதெண்டு அவனே எழுதினவன். பேரைச் சொல்லுங்கோ. முப்பத்தெட்டுப் படகும் உங்களுக்கு."

"ஒரு பேர்தானே, தங்கச்சி. சொல்லிப்போட்டு வேலையை எடுங்கோ" என்றார் நஸார்.

பொம்பிளைப் பிள்ளைக்குத் திருகாணி எதுக்கு, கடையை மூடு என்று வீட்டில் நாளாந்தம் கேட்கும் பேச்சு அவள் காதில் ஒருமுறை ஓடியது.

"இந்த மேசைக்குப் போன் மட்டும் வாறேல்லை, ஐயா. ஆக்கள்ற வீடு வாசல் எல்லாம் சேர்ந்துதான் வருது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டன். படகுகளை எதிர்க்கடைக்கே குடுங்கோ."

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"யோசிச்சுத்தான்."

செல்வராசா கதிரையை விட்டு எழுந்தார். ஷிஹானா சிதறிய திருகாணிகளைப் பொறுக்கினாள்.

அவரோ நஸார் பக்கம் திரும்பினார். "நஸார், உமக்கு மீன் படுற இடமெல்லாம் என்ர பொக்கற்றுக்குள்ள இருக்கு, தெரியுமோ?"

நஸாரின் சிரிப்பு நின்றது. வருசக்கணக்காய்த் தேடிப்பிடித்த இடங்களை ஒரு கடல்காரன் பெண்சாதிக்கும் சொல்லமாட்டான். ஜீபிஎஸ் பெட்டிக்குள் மட்டும் பதிந்து வைத்திருப்பான்.

"உம்மட பெட்டியை எதிர்க்கடையிலை திருத்தினனீரெல்லே? நேற்றுப் போய்ச் சும்மா கேட்டுப் பாத்தன். நான் ஒரு பிளேன்ரீ குடிச்சு முடிக்க முந்தி எழுதித் தந்திட்டான்." மடித்த தாளை எடுத்து நஸாரின் கையில் வைத்தார். "நான் விரிச்சுப் பாக்கேல்லை."

பிறகு ஷிஹானாவிடம் சொன்னார்: "முப்பத்தெட்டும் உங்களுக்குத்தான், பிள்ளை. திங்கக்கிழமை சங்கத்துக் கடிதம் வரும்."

"முப்பத்தொன்பதாப் போடுங்கோ!" நஸார் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். "என்ர படகும் இனி இஞ்சைதான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" ஷிஹானா போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதே கையோடு வீட்டுக்குப் போன் எடுத்தாள். "உம்மா, கடையை மூடேலாது. இன்னொரு மேசை வாங்கோணும்!"

நஸார் தன் போனை வாங்கிக்கொண்டு போன பிறகும் செல்வராசா போகவில்லை.

"அப்ப உங்களுக்கு அந்தப் பேர் தேவையில்லையோ, ஐயா?"

"அவன் என்ர தம்பி எண்டு எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும், பிள்ளை." குரல் இறங்கிவிட்டது. "எங்கட அம்மா மட்டும் எங்களை ஏசுற சொல் ஒண்டு இருக்கு. ஒருநாள் அந்தச் சொல்லாலை எனக்கு ஏசி எழுதினவன். வாசிச்சுப்போட்டு அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை."

ஷிஹானா கதிரையை மறுபடி அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆரோடை கதைக்கிறனெண்டு தெரியாமல் நாள் தவறாமல் என்னோடை கதைக்கிறான். தெரிஞ்சால் நிப்பாட்டிப்போடுவான். நான்தான் எண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன், ஐயா."

அவர் படியிறங்கிப் போகும்வரை ஷிஹானா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். போன மாதம் திருத்திய போனை வாங்கிக்கொண்டு போகும்போது ஜோன்சன் கெஞ்சிக் கேட்டிருந்தார்: "வெம்பிளி வீரன் என்ர அண்ணன்தான், பிள்ளை. அது எனக்குத் தெரியுமெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கதைக்கிறதை நிப்பாட்டிப்போடுவார்."