கையில் காலுறை

“பாப்பாக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க. மருந்து வாடை வருதா?”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாப்பா, ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு புஷ்பலதா நீட்டிய டப்பாவை வாங்கினாள். மோந்தாள். துளி எடுத்துப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள்.

“மருந்து இல்ல புஷ்பா. ஷியா பட்டர்லா இது. ஆப்பிரிக்காவுல ஏதோ கொட்டையில இருந்து எடுக்கிற வெண்ணெய். என் மக தலைமுடிக்குப் போடுறா, வெடிச்ச குதிகாலுக்கும் பூசுறா. இது வாசனைகூட சேர்க்காத அசல் சரக்கு. உனக்கு ஏது?”

“அவரு மோட்டார் சைக்கிள் பெட்டியில ஒளிச்சு வச்சிருந்தாரு.”

“மாயாண்டி அண்ணனா?” பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு வராமல் என்ன செய்யும்? மாயாண்டி ஆயுசுக்கும் வெல்டிங் பட்டறையில் இரும்போடு கிடந்தவர். அவர் கை பட்டால் சேலையில் நூல் இழுக்கும். முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டறியாத மனுஷன்.

புஷ்பலதா சிரிக்கவில்லை. “தினம் ராவுல குளிச்சிட்டு உள்ளங்கை, நெஞ்சு எல்லாம் தேய்க்கிறாரு. கால்ல போடுற பழைய ஸ்டாக்கிங்ஸைக் கையில மாட்டிக்கிட்டுப் படுக்கிறாரு. தாடிய வழிச்சிட்டாரு. சிகரெட்டையும் விட்டுட்டாருக்கா.”

பாப்பா குரலைத் தாழ்த்தினாள். “தப்பா நினைக்காத. ஆம்பள இந்த வயசுல இப்படி மினுக்கினா, வேற எங்கயாச்சும் பொம்பள சகவாசம்...”

“அப்படி இருந்தா தேவலையேன்னு சாமி கும்பிட்டேன்க்கா.”

பாப்பா டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

புஷ்பலதா கைப்பையிலிருந்து ஒரு கசங்கிய ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினாள். ஈப்போவில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்குள் போகிறவர்களுக்குச் சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர். “துவைக்கப் போட்ட சட்டையில இருந்துச்சு. சனிக்கிழமை ஓட்டி, கூடுதல் நேர வேலைன்னு சொல்லிட்டுப் போறாரு. பட்டறை முதலாளிகிட்ட கேட்டா, ஓட்டியே இல்லங்கிறாரு. இவரோட அண்ணன் பத்துமலைக்கும் தோல்ல சின்னதாத்தான் ஆரம்பிச்சுச்சு. அப்புறம் புத்துநோயாகி ஆளையே கொண்டுபோனது உங்களுக்கே தெரியும்.”

“அவருகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டேன். தோல் வறண்டிருக்குன்னாரு. அதுக்கு மேல கேக்கப் பயமா இருக்குக்கா. ஆமான்னு சொல்லிட்டாருன்னா?”

அடுத்த சனிக்கிழமை மாயாண்டி கிளம்பிய சற்று நேரத்தில், பாப்பாவின் காரும் அவர்கள் ஊரான பத்து காஜாவிலிருந்து கிளம்பியது. ஈப்போ வரைக்கும் புஷ்பலதா முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

“நான் கார்லயே இருக்கேன். நீ போயிட்டு வா,” என்றாள் பாப்பா.

மருத்துவமனையில் மாயாண்டி லிஃப்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு, புஷ்பலதா அது எந்த மாடியில் நிற்கிறது என்று கவனித்தாள். அடுத்த லிஃப்டில் ஏறினாள். அங்கே ஒரு நீண்ட நடைபாதை. ஆங்கிலத்திலும் மலாயிலும் பலகைகள் தொங்கின. எதையும் படிக்கும் நிலையில் அவள் கண்கள் இல்லை.

கோடியில் பாதி திறந்திருந்த கதவுக்கு அப்பால் மாயாண்டியின் முதுகு தெரிந்தது. எதிரே நர்ஸ் உடுப்பில் இளவயசு தமிழ் மிசி ஒருத்தி நின்றாள்.

“கையைக் காட்டுங்க அங்கிள்.” அவர் இரண்டு உள்ளங்கைகளையும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நீட்டினார். மிசி தடவிப் பார்த்தாள். “ம்ம், போன வாரத்துக்கு எவ்வளவோ பரவால்ல. சட்டையைக் கழட்டுங்க, நெஞ்சைப் பார்க்கலாம்.”

புஷ்பலதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி அங்கிள். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்.”

“ஒண்ணும் ஆகாதேம்மா?” மாயாண்டியின் குரல் நடுங்கியது.

“பயப்படாதீங்க. சாஞ்சு படுங்க. அசையக் கூடாது.”

அந்த மனுஷர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. பட்டறையில் தீப்பொறி பட்டு நெஞ்சு வெந்த அன்றைக்குக்கூட அவர்தான் அவளைத் தேற்றினார். இப்போது ஊசி போடப்போகிறார்களா, வெட்டப்போகிறார்களா? இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்தாரே! இனி ஒரு நிமிஷம்கூட அவரைத் தனியே விடக் கூடாது என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மிசி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு எதையோ தூக்கினாள். குழாய்கள் ஒட்டியிருந்த, அணில் குஞ்சைப்போன்ற ஒரு சிசு. ஊதினால் கிழிந்துவிடும் போலத் தோல். அதை மெல்ல மாயாண்டியின் வெற்று மார்பில் கிடத்தினாள்.

“உங்க அம்மாவுக்கு உடம்பு தேறணும், அப்பாவுக்கு சிங்கப்பூர்ல லீவு கிடைக்கணும். அதுவரைக்கும் தாத்தா நெஞ்சுச் சூடுதான் குட்டிக்கு!” என்று சிசுவிடம் கொஞ்சினாள்.

புஷ்பலதாவின் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அவர்களுக்கு இருப்பது ஒரே மகள். தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற ஆர்த்திகாவை, “நீ எனக்குச் செத்துட்டே” என்று தலைமுழுகிக் கதவைச் சாத்தியவள் புஷ்பலதாதான்.

மிசி திரும்பிப் பார்த்தாள். “ஆண்டி, குடும்பத்து ஆளுங்க மட்டும்தான் உள்ள வரலாம். நீங்க யாரு?”

மாயாண்டி அசையாமல், கண்ணை மட்டும் உயர்த்தினார். “என் வீட்டுக்காரிம்மா. ஆர்த்திகாவோட அம்மா.”

மிசி குழப்பத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா செத்துட்டாங்கன்னுல்ல ஆர்த்திகா சொன்னாங்க?”